பேரம் படிந்த படிகள்

லிஃப்ட் இல்லை என்பதை
விளம்பரத்தில் சொல்லவில்லை ஸ்ட்ருவான் கெடெஸ்.
"வால்வ் ஆம்ப், முந்நூறு வாட், நல்ல நிலை."
அவ்வளவுதான்.
மூன்றாம் மாடிக்கு ஏறி முடித்தபோது
என் நிலை நல்லதாக இல்லை.

கிளாஸ்கோவில் பிப்ரவரி.
கல் படிகள் உள்ளுக்குள்ளேயே வியர்த்திருந்தன.
கீழே மோர்வன், இரவல் வேனில்,
நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திக்கொண்டு.

என் முதுகில் என் பேஸ்.
எழுபத்தொன்பதில் ஜப்பானில் செய்தது,
ஒரு பெரிய பெயரின் நகல்.
தலையில் பெயரைச் சுரண்டிவிட்டு
யாரோ ஒரு மீன் படத்தை ஒட்டியிருந்தார்கள்.
இந்த மீனும் கொஞ்சம் பணமும் கொடுத்தால்
அவனுடைய அசலும் அந்த ஆம்பும்,
இதுதான் நான் போட்ட கணக்கு.

மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல்
கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ஐந்தாம் ஃபிரெட் தேய்ந்திருக்கிறது."
கல்யாணங்கள், என்றேன்.
எல்லா மணப்பெண்களும்
ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

ஒரே கேபிள், ஒரே ஆம்ப்,
மந்தரத்தில் ஒரே சுரம்.
மாற்றி மாற்றிச் செருகினோம்.
அவனுடையது தொண்டையைச் செருமிக்கொண்டு
வங்கி மேலாளர் போலப் பேசியது.
என்னுடையது
வாய் நிறைய ரொட்டியோடு பேசியது.
மேசை மேல் தேக்கரண்டி இரண்டுக்கும் அதிர்ந்தது,
அதற்கு அசல் நகல் தெரியாது.
எனக்கு ரொட்டி பிடித்திருந்தது.
மீனைப் பைக்குள் திரும்ப வைத்தேன்.

"சரி, ஆம்ப் மட்டும். ஐந்நூற்றெண்பது."
ஐந்நூறு.
அவன் மழையைப் பார்த்தான்.
நான் ஆம்பைப் பார்த்தேன்.
"நாற்பது கிலோ" என்றான்,
பெருமையா எச்சரிக்கையா தெரியவில்லை.
பேரம் படியவில்லை.
அப்போதுதான் படி ஞாபகம் வந்தது:
மாடிக்கு இருபது குறை,
ஒரு பக்கம் நான், மறுபக்கம் நீ.

ஐந்நூற்றறுபதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம்.
ஒரு கதவு திறந்தது.
செங்கா மெக்காஸ்லண்ட், கையில் பாத்திரம் துடைக்கும் துணி.
"போகிறதா அது?"
போகிறது.
"திரும்பி வராதே?"
உள்ளே போய் ஒரு இருபது பவுண்டு நோட்டோடு வந்து
என் சட்டைப் பையில் செருகினாள்.
"வழிச்செலவு. நீ எங்கே குடியிருக்கிறாய்?"
கோவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
கொஞ்சம் யோசித்தாள், ஆறு போதுமா என்று.
"பதினோரு வருடம். ஒவ்வொரு வியாழன் இரவும்
என் சுவரில் படங்கள் கோணிவிடும்.
வெள்ளிக் காலை நிமிர்த்துவேன்.
இனி வெள்ளிக்கு வேறு வேலை தேட வேண்டும்."
சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்,
கதவைச் சாத்தாமல்.

அடுத்த இருபதில் அவன் சொன்னான்:
டிரம்மர் நார்வேக்குப் போய்விட்டான்,
ஏதோ மீன் பண்ணை வேலை.
டிரம் இல்லாமல் பேஸ் வாசிப்பது
ஒற்றை ஆளாய்க் கயிறு இழுப்பது.
எதிர்ப்பக்கம் கனமே இல்லை,
விழுந்துகொண்டே இருக்கிறேன்.
"மெல்ல, வளைவு வருகிறது" என்றேன்.
வேறு என்ன சொல்வது,
இரண்டு கையிலும் அவன் ஆம்ப்.

தெருவுக்கு வந்தபோது ஐந்நூற்றிருபது.
செங்காவின் இருபது போக
நான் கேட்ட விலைக்கே வந்துவிட்டது.
மோர்வன் வேன் கதவைத் திறந்தாள்.
மின்கம்பி எங்கே, என்று கேட்டேன்.
"மேலே. அதற்குப் பதினைந்து."

யானையை விற்றுவிட்டு
அங்குசத்துக்குப் பேரம் பேசாதே என்று
கிளாஸ்கோவில் யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஏறிப் போனவன் வர வெகு நேரம் ஆயிற்று.
மேலே சன்னலில் விளக்கு எரிந்தது.
ஆம்ப் இல்லாத பேஸை
தெருவிலிருந்து கேட்க முடியாது.
வாசித்தானா, சும்மா உட்கார்ந்திருந்தானா.
மோர்வன் இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

கம்பியோடு வந்தான், கண்ணைப் பார்க்காமல்.
செங்காவின் நோட்டை நீட்டினேன்.
சில்லறை இல்லை என்றான்.
அந்த ஐந்து பவுண்டு
இன்னும் அவனிடம்தான்.
போய் வாங்கலாம்.
மூன்று மாடி.